கெளுத்தி முள் குத்திய கை

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் கறி கிடையாது. ஆனால் மீன் உண்டு. அதிலும் குழந்தைகளுக்கு இறால் என்றால் உயிர். 'ஒறுத்தல்' என்று பெயர் வைத்துக்கொண்டு இறால் தொக்கும் ரசமுமாகச் சாப்பிடுகிற ஒறுத்தல்! எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் சகோதரிகளே, இந்தக் கட்டுரையை எழுதவைத்த சம்பவம் சிரிக்கிற சம்பவம் அல்ல.

நாங்கள் இருப்பது பொன்னேரியில். பழவேற்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் அன்னக்கூடையோடு வந்து இறங்கி, எங்கள் தெருவில் மீன் விற்கிற ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் ஜெபமாலை. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு தவக்கால வெள்ளியன்று வழக்கம்போல வாசலில் கூடையை இறக்கினார்.

"என்னம்மா இப்படி விலை சொல்றீங்க? போன வாரம் குறைச்சுத்தானே குடுத்தீங்க?"

"ஏரியிலே எறா இல்லம்மா. கரையிலயே வெல ஏறிப்போச்சு. நா இன்னா பண்ணட்டும்?"

நான் விடவில்லை. பள்ளிக்கூட வேன் வருகிற நேரம், குழாயில் தண்ணீர் நிற்கிற நேரம் எல்லாம் சேர்ந்து என் குரல் உயர்ந்தது. கடைசியில் இருபது ரூபாய் குறைத்துக்கொண்டு கொடுத்தார். இடது கையால் அள்ளி, இடது கையாலேயே தராசைப் பிடித்தார். வலது கையில் ஏதோ துணி சுற்றியிருந்தது. 'சீக்கிரம் போடக் கூடாதா' என்றுதான் நினைத்தேனே தவிர, 'கையில் என்ன?' என்று கேட்கவில்லை.

அந்த இருபது ரூபாயை என்ன செய்தேன் தெரியுமா? ஏழைகளுக்காகக் கோயிலில் கொடுத்திருந்த தவக்காலக் காணிக்கை உறையில் போட்டேன். மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது!

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த இரண்டு வாரமும் வரவில்லை. வேறொரு மீன்காரப் பெண்தான் சொன்னாள்: "அந்தக்காவா? கெளுத்தி முள்ளு குத்தி கை வீங்கிப்போயி ஆஸ்பத்திரியிலே கீது. சக்கரை வேற. ஒரு வெரலை எடுத்துட்டாங்கம்மா."

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் துணிக்கட்டு கண்ணுக்குள்ளேயே நின்றது. அவர் வீடு திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டதும், ஒரு சனிக்கிழமை பழவேற்காட்டுக்கு பஸ் ஏறினேன்.

ஏரியும் ஊரும்

சென்னைக்கு வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்கு முனைதான் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்ட, முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புத் தண்ணீரை அனுப்ப, இரண்டும் கலக்கிற இடத்தில் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. பனிக்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும்.

முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வர வழியில்லை. மழை பொய்த்தால் ஏரி உப்பாகிறது. மிஞ்சினால் உப்புக் குறைந்துபோகிறது. 'ஏரியிலே எறா இல்ல' என்று அந்த அம்மா சொன்ன ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது. நான் அதை விலை ஏற்றுகிற தந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் கோயிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு, மாதா கோயிலும் உண்டு. பனையோலையில் அழகழகான பெட்டிகள் முடைகிற முஸ்லிம் பெண்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். போர்த்துக்கீசியர் காலத்தில், 1515-ல் எழுந்ததாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயில் இங்கேதான். இன்று நிற்பது புதிய கட்டடம். மாதா பெயரையே ஊர்ப்பெயராக வைத்துக்கொண்ட நடூர் மாதா குப்பமும் ஏரிக்கரையில்தான் இருக்கிறது.

சீட்டுப் போட்டுப் பிரிக்கும் ஏரி

இந்த ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. இறால் அதிகம் கிடைக்கிற இடங்களையும் முறை நாட்களையும் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்குச் சுமாரான இடம். பலசாலி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போக முடியாது.

இதைக் கேட்டபோது எனக்கு அப்போஸ்தலர் பணியின் முதல் அதிகாரம் ஞாபகம் வந்தது. யூதாஸின் இடத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கச் சீடர்கள் செபித்துவிட்டுச் சீட்டுத்தான் போட்டார்கள். மத்தியாவின் பெயர் விழுந்தது. சீட்டில் சலுகை கிடையாது, சிபாரிசும் கிடையாது.

ஆனாலும் ஒன்று. அந்தச் சீட்டில் ஆண்களின் பெயர்தான் உண்டு. பாட்டில் பங்கில்லாத சமூகங்களும் ஏரியைச் சுற்றி வாழ்கின்றன. அதை ஒட்டி மனத்தாங்கலும் சச்சரவும் நடந்திருக்கின்றன. நீதியான ஏற்பாட்டுக்கு வெளியேயும் யாரோ நிற்கிறார்கள். அப்படி வெளியே நிற்பவர்களில் இருளர் பெண்களும் உண்டு. வலை இல்லை, படகு இல்லை. இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, பிடித்ததை அதில் போடுகிறார்கள். பழவேற்காட்டுக்குத் தெற்கே, எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றிலும் இப்படிப் பிடிக்கிறவர்கள் உண்டு. சிப்பி கிழிக்கும், நண்டு கடிக்கும், மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறித் தோல் வெடிக்கும்.

வாசலில் கிடைத்த பிரசங்கம்

அந்த அம்மாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் பெரிய கட்டு.

"நீ ஏம்மா இவ்ளோ தூரம் வந்தே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னிக்கு உங்க கையை நான் பாக்கவே இல்லையேம்மா" என்றேன்.

"நீ மட்டுமா பாக்கலே? நானே பாக்கலியே! முள்ளு குத்தறது புதுசா இன்னா? சுண்ணாம்பைத் தடவிக்கினு பஸ் ஏறிட்டேன்."

கொண்டுபோயிருந்த பணத்தை நீட்டினேன். அவர் அதிலிருந்து இருபது ரூபாயை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டார்.

"இது எனக்குச் சேர வேண்டியது. வாங்கிக்கிறேன். மீதி வேணாம்மா."

"ஏம்மா, ஆஸ்பத்திரிச் செலவு ஆயிருக்குமே!"

"கவர்மெண்டு ஆஸ்பத்திரிதாம்மா. கூட ஒக்காரத்தான் ஆள் இல்லே. எம்மவ கட்டிக்கொடுத்த எடத்திலே கைக்கொழந்தையோட கீறா. கோயில்லே கூட செபம் பண்றவங்க வந்து பாத்தாங்க, செபம் பண்ணாங்க, போனாங்க. தப்பு சொல்லலே, அவங்க அவங்களுக்குப் பொழப்பு கீது. எனக்கு எறா குடுக்கிற இருளப் பொண்ணு ஒண்ணு கீது பாரு, அதுதான் எட்டு நாளு ராத்திரியிலே கீழே துண்டை விரிச்சிக்கினு படுத்துது. கஞ்சி ஊத்துச்சு. எட்டு நாளும் அது தண்ணியிலே எறங்கலே. எறங்கலேன்னா அதுக்குச் சோறு இல்லே. குடுக்கணும்னா அதுக்குக் குடு."

நல்ல சமாரியன் கதையை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எத்தனையோ முறை குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். வேற்று இனத்தவன் என்று யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன்தான் காயத்தைக் கழுவினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்கும் கொடுத்தான். அன்றைக்கு அந்தத் திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கதையில் நான் யார்? ஒதுங்கிப் போனவர்களில் ஒருத்தி. அவர்களாவது பார்த்துவிட்டுப் போனார்கள். நான் பேரம் பேசிவிட்டு அல்லவா போனேன்!

கரையில் ஒரு கரியடுப்பு

திரும்பும்போது ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் மனசில் ஓடியது. திபேரியாக் கடல் என்கிறார்களே, அதுவும் ஏரிதான். பேதுருவும் கூட்டாளிகளும் இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் விடியற்காலையில் வருகிறார்கள். கரையில் உயிர்த்த இயேசு நிற்கிறார். அவர் முதலில் கேட்பது விசுவாசத்தைப் பற்றியா? இல்லை. சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்கிறார். அவர் சொன்ன பக்கம் வலை வீசினால் 153 பெரிய மீன்கள். கரைக்கு வந்து பார்த்தால், கரி அடுப்பில் மீன் வெந்துகொண்டிருக்கிறது; பக்கத்தில் அப்பம். இரவெல்லாம் உழைத்தவர்களுக்கு அவரே பலகாரம் தயார் செய்து வைத்திருக்கிறார்.

அடுப்படியிலேயே பாதி ஆயுளைக் கழிக்கிற நமக்கு இது எத்தனை ஆறுதல்! சாவை வென்றவர் அடுப்பு மூட்டினார். அவர்கள் வயிறு நிறைந்த பிறகுதான் பேதுருவைப் பார்த்து, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்கிறார். மூன்று தரமும், அப்படியானால் என் ஆடுகளைக் கவனி என்கிறார். முதலில் பசி, பிறகுதான் பாடம். வீட்டில் நாமும் அப்படித்தானே செய்கிறோம்? பள்ளியிலிருந்து வாடி வருகிற பிள்ளையிடம் முதலில் மார்க்கைப் பற்றிக் கேட்டால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தட்டைப் போட்டுவிட்டுக் கேட்டால் எல்லாம் சொல்லும்.

எலும்புக்கூடுகள் சொல்லும் பாடம்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள்! மனிதனே, நீயும் ஒருநாள் இப்படித்தான் என்று சொல்லாமல் சொல்கின்றன. உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகள், அழகான எழுத்து வேலைப்பாடுகள்.

1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். அவர்களும் வேதம் வாசித்தவர்கள்தான், ஞாயிறு ஆராதனை தவறாதவர்கள்தான். ஆனால் பஞ்சமும் போரும் வந்த காலங்களில், பசியால் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற நம் மக்களை அவர்களுடைய கம்பெனி விலைக்கு வாங்கியது. பழவேற்காடு முதலான துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகக் கப்பல் ஏற்றியது. பசித்தவனைப் பார்த்ததும் சோறு போடத் தோன்றாமல், விலை பேசத் தோன்றியது.

அதே கோட்டையில் ஆபிரகாம் ரோஜேரியுஸ் என்ற போதகரும் இருந்தார். 1632 முதல் பத்து வருஷம் இங்கே ஊழியம் செய்தவர். பத்மநாபன் என்ற பிராமணரிடம் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு, இந்த மண்ணின் மக்கள் எப்படி வாழ்கிறார்கள், எப்படி வழிபடுகிறார்கள் என்று ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் இறந்த பிறகு 1651-ல் அது அச்சானது. வேற்று மதத்துக்காரர் ஒருவரின் அருகில் உட்கார்ந்து காது கொடுக்க அவரால் முடிந்தது. அதே ஊரில், அதே காலத்தில், மனிதரை எடைபோட்டு வாங்கியவர்களும் இருந்தார்கள். இரண்டு பேர் கையிலும் ஒரே வேதபுத்தகம்.

அவர்களைக் குற்றம் சொல்வது சுலபம். இருபது ரூபாய் பேரத்தில் என் மனசும் அந்தக் கம்பெனியின் பக்கம்தானே சாய்ந்தது?

கடல் மதம் கேட்கவில்லை

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. சுனாமி நம் கரையெங்கும் புகுந்தபோது பழவேற்காட்டுக் குப்பங்களும் தப்பவில்லை. அலை யாரிடமும் சாதி, மதம் கேட்கவில்லை. அன்றைக்குக் கை கொடுத்தவர்களும் கேட்கவில்லை. நாகூர் தர்காவின் நிலத்தில் எல்லா மதத்தவரின் உடல்களையும் அடக்கம் செய்ய இடம் கொடுத்தார்களே, அதை மறக்க முடியுமா?

இன்னொரு கிறிஸ்துமஸையும் இந்த ஊர் மறக்காது. 2011 டிசம்பர் 25 அன்று ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பண்டிகைக்குப் பண்டம் கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள். அந்த ஏரியை எட்டிப் பார்க்கிறபோதெல்லாம் ஒரு தாயாக என் வயிறு கலங்குகிறது. எங்கே படகில் ஏறினாலும், மிதவைச் சட்டை இருக்கிறதா, அளவுக்கு மீறி ஆள் ஏற்றுகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பிள்ளை எவ்வளவு அழுதாலும் இறங்கிவிடுங்கள். அதுவும் அன்புதான்.

முள் குத்தினால் என்ன செய்வது?

மீன் கழுவுகிற நமக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கெளுத்தியின் முதுகிலும் இரண்டு பக்கச் செட்டைகளிலும் உள்ள முள்ளில் விஷத்தன்மை உண்டு. குத்தினால் விண்ணென்று வலிக்கும்.

உடனே சோப்புப் போட்டுச் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். பிறகு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்து, குத்திய கையை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை அதில் வையுங்கள். வலி நன்றாகக் குறையும். சூட்டைக் குத்துப்பட்ட கையால் பார்க்காதீர்கள். வலியில் சூடு தெரியாமல் வெந்துவிடும். நல்ல கையால் பார்த்துக்கொள்ளுங்கள். முள் ஆழமாக ஒடிந்திருந்தால் நோண்ட வேண்டாம், டாக்டர் எடுக்கட்டும். சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பாதீர்கள்; இறுக்கிக் கட்டாதீர்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உவர்நீரில் வாழும் சில கிருமிகள் காயத்தின் வழியாகப் புகுந்தால் வெகு வேகமாகப் பரவும். சர்க்கரை வியாதி, ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். வீக்கம் ஏறினாலும், கொப்புளம் கிளம்பினாலும், காய்ச்சல் வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரி. அந்த அம்மா சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு பஸ் ஏறாமல் இருந்திருந்தால் விரல் மிஞ்சியிருக்குமோ என்னவோ! அன்று என் வாசலில் நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த வார்த்தைக்கும் நேரம் இருந்தது.

நம் வாசற்படியில்

பெரிய தர்மம் செய்ய நம்மிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வாசற்படி எல்லாரிடமும் இருக்கிறது. நான் இப்போது கடைப்பிடிக்கிற சிலவற்றைச் சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடையை இறக்குகிறவருக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர். விலை அதற்குப் பிறகு. கூடையைப் பார்க்கும் முன் முகத்தைப் பார்க்கிறேன், கையைப் பார்க்கிறேன். விலை கட்டுப்படியாகாவிட்டால் குறைத்து வாங்குகிறேன், குறைத்துக் கேட்பதில்லை. கால் கிலோ வாங்கி, முருங்கைக்காயைக் கூடப் போட்டால் தொக்கு நிறைந்துவிடுகிறது, குழந்தைகள் ஒன்றும் சொல்வதில்லை! காணிக்கை உறையில் போடும் காசு, என் வாயைக் கட்டி மிச்சம் பிடித்ததாக இருக்க வேண்டும். இன்னொருத்தி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்ததாக இருக்கக் கூடாது.

அந்த இருளப் பெண்ணையும் அன்றைக்கே பார்த்தேன். ஏரியிலிருந்து ஈரப் புடவையோடு ஏறி வந்தாள். பணத்தைக் கொடுத்தபோது முதலில் வாங்க மறுத்தாள். "நா ஒண்ணும் பண்ணலியேம்மா, அந்தம்மா ஒண்டியா கெடந்துச்சு, அவ்ளோதான்" என்றாள். பெரியம்மா அதட்டியதும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, கூச்சத்தோடு ஒன்று கேட்டாள்.

"வெயில்லே வந்துகீறியே, சாப்ட்டியாம்மா?"

அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் ஒரே கேள்வி. நான் சாப்பிடவில்லை என்றதும், இருவரும் சேர்ந்து எனக்குச் சோறும் எறாக் குழம்பும் போட்டார்கள்.

மறு மாதம் அந்த அம்மா மறுபடி எங்கள் தெருவுக்கு வந்தார். நாலு விரலால் தராசைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். என் சின்னவள் ஓடிப்போய்த் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.